கோப்பியும் கொப்பியும்

(லுணுகலையில், காட்டுயிர்க் கள ஆய்வுப் பயிற்சிக்குச் செல்லவிருந்த மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலகத்தின் பயிர்நோய் வரலாற்றை யார் எழுதினாலும் நம் பதுளை மாவட்டத்து மடூல்சீமை என்ற பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. 1869இல் அங்கே ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். இலையைப் பறித்துப் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பங்கசு ஆராய்ச்சியில் பேர்பெற்ற பெர்க்லி என்ற பாதிரியார் அதே ஆண்டில் அதற்கு ஹெமீலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இருபது ஆண்டு கழிவதற்குள் இலங்கையில் கோப்பியின் காலம் முடிந்தது. கோப்பி நின்ற மலைகளில் தேயிலை ஏறியது. நம்முடைய லயங்களின் கதையே அந்த இலையிலிருந்துதான் வேறு பக்கம் திரும்புகிறது.

முதலில் அந்த இலையைப் புரட்டிப் பார்த்த கை யாருடையது என்று நான் படித்த புத்தகங்களில் இல்லை. துரைமாரின் பெயர்கள் இருக்கின்றன, விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் செடிகளுக்கு நடுவே விடிந்தது முதல் பொழுது சாயும்வரை நின்றவர்கள் நம் பூட்டன் பூட்டிமார். நோய் அவர்கள் கண்ணில் படாமல் துரையின் கண்ணில் மட்டும் பட்டிருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பார்த்தது எந்தக் கொப்பியிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இந்த நோயை ஆராய இலங்கைக்கு வந்தார். வயது இருபதுகளின் நடுவில். இன்றைய கணக்கில் பார்த்தால் படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்த பிள்ளை. அவர் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் காற்றுப்படும்படி வைத்தார். பிறகு அவற்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நோயின் வித்திகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. காற்றுத்தான் நோயைச் சுமக்கிறது என்பதும், மலைக்கு மலை ஒரே பயிராக நட்டுவைத்ததே அதற்குப் பாதை போட்டுக் கொடுத்தது என்பதும் அப்படித்தான் தெளிவாயின. கோப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது நோய் கண்டு 11 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

அந்த 11 ஆண்டுகளைத்தான் உங்கள் முன்னால் வைக்க விரும்புகிறேன். ஊவாவின் மலைகளில் ஒரு மாற்றம் வரும்போது அதை முதலில் பார்ப்பவர்கள் இங்கே நடமாடுகிறவர்கள். அதை எழுதுவதற்கு யாராவது வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது. நீங்கள் போகும் பயிற்சி இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது சுருக்க வேண்டும். மரம் நடுவதும் படம் பிடிப்பதும் அதற்கு அடுத்தபடிதான்.

காட்டுயிர்க் கண்காணிப்பு என்றதும் யால, வில்பத்து, உடவளவை என்றுதான் எல்லாருக்கும் நினைவு போகும். ஜீப் வண்டி, கமரா, யானைக் கூட்டம். அரச காணி என்றால் அது வேலி போட்ட தேசிய பூங்கா என்று ஒரு எண்ணம். ஆனால் இங்கே நம்மைச் சுற்றியுள்ள மலைகள் யாருடைய நிலம்? 1840இல் வெள்ளைக்கார அரசு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உரித்து நிறுவப்படாத காடும் தரிசும் பயிரிடாத நிலமும் முடிக்குரியவை என்று அது சொன்னது. அப்படி எடுத்த நிலத்தைத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் திரும்பவும் அரசுக்கு வந்தன. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் போகவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். ஆகவே கம்பனி நடத்தும் தோட்டத்தில் நீங்கள் கொழுந்து எடுக்கும் மலையும், அதன் தலையில் நிற்கும் தைலமரத் தோப்பும், ஓடைக்கரைக் காடும் பெரும்பாலும் அரச காணிதான். அந்தக் காணியில் ஆறேழு தலைமுறை வேலை செய்தவர்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று இன்னமும் பேரம் நடக்கிறது. இந்தக் கசப்பை மறைத்துவிட்டுக் காட்டைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. தனக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லாதவரிடம் போய் நிலத்தைக் காப்பாற்று என்று சொல்வது லேசான காரியமா?

தோட்டத்துக்கும் ஒதுக்கப்பட்ட வனத்துக்கும் இடையில் துண்டு துண்டாக மிஞ்சிக் கிடக்கும் காடுகள் வேறு இருக்கின்றன. எந்த வரைபடத்திலும் பச்சையாகத் தெரியாத காடுகள் அவை. 2001இல் ஒரு சுற்றறிக்கை அவற்றை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது. 2020 நவம்பரில் வேறொரு சுற்றறிக்கை அதை நீக்கி, அந்தப் பொறுப்பைப் பிரதேச செயலாளர்கள் பக்கம் தள்ளியது. சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள், செய்தித்தாள்களில் விவாதம் நடந்தது. விவாதத்தில் கேட்டிருக்க வேண்டிய முதற்கேள்வி, அந்தத் துண்டுகளில் என்னென்ன உயிர் வாழ்கிறது என்பது. லுணுகலைப் பகுதிக்கு அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

எண்ணுவதைப் பற்றிச் சொல்லவேண்டும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மலையணில், மயில் இவற்றை ஐந்து நிமிடம் எண்ணிப் படிவத்தில் எழுதச் சொன்னது விவசாய அமைச்சு. பிறகு வந்த முடிவில் குரங்குகள் மட்டும் 50 இலட்சத்துக்கு மேல் என்றார்கள், மயில்கள் 40 இலட்சத்துக்கு மேல் என்றார்கள். பலர் சிரித்தார்கள். ஒரே கூட்டம் ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவினால் இரண்டு படிவத்தில் ஏறாதா, எல்லாரும் நின்று எண்ணினார்களா என்றெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். ஆனாலும் நான் சிரிக்கவில்லை. ஒரு காலையில் ஊர் முழுக்க மரத்தை அண்ணாந்து பார்த்தது இந்த நாட்டில் புதிது. குறை எங்கே என்றால், ஒரு தடவை எண்ணியதோடு விட்டதுதான். ஐந்து நிமிடக் கணக்கை அதே வளவில், அதே ஆள், மாதம் ஒரு தடவையென்று இரண்டு வருடம் எடுத்திருந்தால், மொத்தத் தொகை பிழையாகவே இருந்தாலும் கூடுகிறதா குறைகிறதா என்பது தெரிந்திருக்கும். மந்திரிக்கு வேண்டியது ஒரு பெரிய எண். கமக்காரனுக்கு வேண்டியது ஏறுமுகமா இறங்குமுகமா என்ற விபரம்.

களக் கொப்பி எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆங்கிலப் பாடநூலைக் காட்டத் தேவையில்லை. தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒருவர் வேலைக்கு வராத நாளுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அரை நாள் வேலையென்று அரைப் பேர் போட்டால் அதுவும் தெரியும். எந்த மலை, என்ன வேலை, எத்தனை கிலோ, எல்லாம் உண்டு. பிழை போனால் சம்பளத்தில் அடி விழும் என்பதால் நம் அம்மாமார் அதை எவ்வளவு கவனமாகச் சரிபார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காட்டுக் கணக்கும் அப்படியே. இரண்டு மணி நேரம் நடந்து ஒரு மிருகத்தையும் காணாவிட்டால், காணவில்லை என்று எழுதவேண்டும். எங்கே தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு, மழையா வெயிலா, எத்தனை பேர் நடந்தீர்கள் என்பதும் வேண்டும். வெறுமனே திரும்பிய நாள்களை எழுதாமல் விட்டவரின் கொப்பியைப் பார்த்தால், இந்த மலையில் தினமும் சிறுத்தை உலாவுகிறது என்றுதான் தோன்றும்.

சரி, இங்கே எதைப் பார்ப்பது?

என்னைக் கேட்டால், முதலில் மலைத்தேனீ. சிறுத்தையைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மலையகத்துச் செய்திகளில் வாரத்துக்கு வாரம் வருவது குளவிக்கொட்டு. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வைத்தியசாலையில் அனுமதி என்று நான்கு வரிச் செய்தி. சில வேளை மரணம். செய்தித்தாள் எல்லாவற்றையும் குளவி என்றே எழுதும். பல வேளை அது குளவியே அல்ல, உயர்ந்த மரத்திலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெருந்தேனீ, அதாவது மலைத்தேனீ. இது நிலையாக ஓரிடத்தில் இருக்கும் பூச்சியல்ல. நிக்கோலாஸ் கோனிகர், குட்ரூன் கோனிகர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் இலங்கையைப் பற்றி எழுதிய கட்டுரையில், பூப்பூக்கும் காலத்தைப் பின்தொடர்ந்து இந்தத் தேனீக் கூட்டங்கள் இடம்பெயர்வதை விளக்கினார்கள். மலைநாட்டில் சில மாதம், தாழ்ந்த வறள் நிலத்தில் சில மாதம். லுணுகலை இந்த இரண்டுக்கும் நடுவில், பிபிலைப் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் கூட்டங்கள் தங்கிப் போகிற இடம் நம்முடையதாக இருக்கலாம். விட்டுப் போன கூட்டங்கள் அடுத்த பருவத்தில் அதே மரத்துக்குத் திரும்பும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு.

ஒரு தோட்டத்தில் இதைச் செய்து பார்க்க என்ன வேண்டும்? தேனீ கட்டும் மரங்களுக்கும் பாறைகளுக்கும் ஒரு இலக்கம். எந்த மலையில், எந்த நம்பரில் நிற்கிறது என்ற குறிப்பு. அடை தோன்றிய நாள், எத்தனை அடை, போன நாள். மரத்துக்குக் கிட்டப் போக வேண்டாம், கல்லெறிய வேண்டாம், புகை போட வேண்டவே வேண்டாம். தூரத்தில் நின்று தொலைநோக்கியால் பார்த்தால் போதும். இதைத் தொடர்ந்து இரண்டு வருடம் எழுதினால், எந்த மாதத்தில் எந்த மலைக்குக் கொழுந்துக்கு ஆள் அனுப்புவது ஆபத்து என்று வெள்ளைக்காரத்துரை காலத்திலிருந்து எவரும் போடாத ஒரு அட்டவணை கிடைக்கும். அதைக் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் கொடுங்கள். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பயிற்சியின் அறிக்கை பல்கலைக்கழக அலமாரியில் கிடப்பதற்கும், ஒரு தாய் அன்றைக்கு வேறு மலைக்கு அனுப்பப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தேனீக்கும் இது நல்லது. ஆள் கொட்டுப்பட்ட பிறகுதான் இரவில் தீப்பந்தத்தோடு மரத்தடிக்குப் போகிறார்கள்.

சிறுத்தையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் இருவரும் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் பல ஆண்டுகளாகக் கமராக்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். தேயிலைக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளையும் மலை முகடுகளையும் சிறுத்தைகள் பயன்படுத்துகின்றன என்பதைப் படங்களோடு காட்டினார்கள். ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளி வரிசையும் வேறு, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்குமே வேறு. அதனால்தான் பாதையின் இரு பக்கத்திலும் எதிரெதிராக இரண்டு கமரா கட்டுகிறார்கள். முழங்கால் உயரத்தில் கட்டுவது, முன்னால் ஆடும் புல்லை வெட்டுவது, எத்தனை இரவு கமரா உண்மையில் வேலை செய்தது என்று கணக்கு வைப்பது, இவையெல்லாம் அலுப்புத் தட்டும் வேலைகள். அதற்குத்தான் பயிற்சி. அட்டைக்கடி இலவசம்.

ஆனால் கமராவைவிட முக்கியமாக நீங்கள் தேட வேண்டியது கம்பிச் சுருக்கு. 2020 மே மாதம், நல்லதண்ணிப் பகுதியில் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. மயக்க ஊசி போட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் செத்தது. நாட்டில் மிக அபூர்வமாகவே காணப்பட்ட மிருகம். சுருக்கு வைத்தவர் சிறுத்தைக்கு வைக்கவில்லை. மரக்கறித் தோட்டத்தைக் கிளறும் காட்டுப்பன்றிக்கு வைத்தார். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டுப் போஞ்சியும் கரட்டும் நட்டு, அதில் வரும் காசை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு ஒரே இரவில் பன்றி வந்து போனால் என்ன மிச்சம்? அவரைத் திட்டிப் பயனில்லை. பன்றி எங்கிருந்து இறங்குகிறது என்று பாருங்கள். கவ்வாத்து வெட்டாமல், புல்லு வெட்டாமல் கைவிட்ட மலைகள் இன்று ஊவாவில் ஏராளம். தேயிலை ஆளுயரம் வளர்ந்து, நடுவில் உண்ணிச்செடியும் கினியாப் புல்லும் மண்டிக் கிடக்கின்றன. பன்றிக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. பன்றி வரும் இடத்துக்குச் சிறுத்தை வருகிறது. கம்பனி கைவிட்ட மலைகளின் பட்டியலையும் பன்றிச் சேதத்தின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிறுத்தையைப் பற்றித் தனியாக ஒரு விசாரணைக் கமிஷன் தேவைப்படாது.

இனிப் புல்லுக்கு வருகிறேன்.

நம் மாவட்டத்தின் முகம் காடு மட்டுமல்ல, பத்தனை. சரிவுகளில் மானாப்புல் அலையடிக்கும் வெளி. கீழே பிபிலைப் பக்கம் இறங்கினால் நில்கலையில் அது தலாவையாகிறது. புல்லுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் விட்டு விட்டு நிற்கும். நாட்டு வைத்தியர்கள் தேடிப் போகும் இடம். இந்தப் புல்வெளி இயற்கையாகவே உண்டானதா, மனிதர் வைத்த நெருப்பால் உண்டானதா என்ற வாக்குவாதம், 1899இல் பியர்சன் என்ற தாவரவியலாளர் இலங்கைப் பத்தனைகளைப் பற்றி எழுதிய காலத்திலேயே இருந்தது. எப்படி வந்திருந்தாலும் அதற்கென்று வாழும் உயிர்கள் வந்துவிட்டன. வர்ணக் கௌதாரியைச் சொல்வேன். இலங்கையில் அதன் இருப்பிடம் பெரும்பாலும் ஊவாவின் பத்தனைகளும் கிழக்கே இறங்கும் தலாவைகளும்தான். விடியற்காலையில் ஒரு புற்றின் மேலோ தாழ்ந்த கிளையிலோ ஏறி நின்று கத்தும். கண்ணுக்கு அகப்படாது, காதுக்கு அகப்படும். குறித்த இடங்களில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, எத்தனை குரல், எந்தத் திசையிலிருந்து என்று எழுதினால் போதும். விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் முதல் நாளே குரலைக் காட்டித் தருவார்.

இந்தக் கௌதாரியின் வீட்டைத்தான் நாம் வெறும் தரிசு என்று சொல்லி மரம் நட்டுக்கொண்டிருக்கிறோம். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊவாவின் பத்தனைகளில் பைனஸ் நட்டார்கள். அதன் ஊசியிலை விழுந்து மெத்தை போல் கிடக்கும், லேசில் மக்காது. ஆடி ஆவணியில் காற்று வீசும்போது ஒரு பொறி பட்டால் மலை பற்றிக்கொள்ளும். பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்ல மலைகளில் ஆண்டுதோறும் நடப்பதைப் பார்க்கிறோம். தீ தானாகப் பிடிப்பதில்லை. இளம்புல் வேண்டுமென்று மாட்டுக்காரர் வைக்கிறார், மிருகத்தைக் கலைக்க வேட்டைக்காரர் வைக்கிறார், சிலர் வேடிக்கைக்கு வைக்கிறார்கள். சுற்றாடல் தினம் வந்தால் எரிந்த அதே சரிவில் நூறு கன்று நட்டுப் படம் எடுப்பார்கள். அடுத்த ஆடியில் கன்றும் இல்லை, படம் எடுத்தவரும் இல்லை. மரம் நடுகிற எல்லா இடத்தையும் வாழிடம் மீட்டெடுத்தல் என்று சொல்லக்கூடாது. சில இடத்தில் நட்ட மரத்தை வெட்டுவதுதான் மீட்டெடுப்பு. இதை மேடையில் சொன்னால் கைதட்டல் விழாது, அது எனக்குத் தெரியும்.

சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க, மார்க் ஆஷ்டன் ஆகியோர் 1991 முதல் செய்த பரிசோதனை வேறு மாதிரி. அங்கே பைனஸ் வரிசைகளை வெட்டி இடைவெளி உண்டாக்கி, உள்நாட்டு மரக்கன்றுகளை அடியில் நட்டார்கள். எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறதோ அதற்கேற்ப வளர்ச்சி மாறியதை அளந்தார்கள். அது ஈரக்காடு. ஊவாவில் பல மாதம் காய்கிற சரிவில் அதையே அப்படியே செய்ய முடியாது. ஆனால் அளந்து பார்த்துவிட்டுச் சொல்லும் பழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். நட்டது எத்தனை என்பதோடு, மூன்றாம் வருடம் உயிரோடிருப்பது எத்தனை என்பதையும் எழுத வேண்டும்.

இதில் நம் தோட்டத்து மூத்தவர்களிடம் இருக்கும் அறிவை யாரும் கேட்பதில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுவதற்கு முன், மண்ணுக்கு ஓய்வு கொடுக்க ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் மானாவோ குவாத்தமாலாப் புல்லோ நடவேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரை. புல்லை நடுவது, வளர்ந்ததும் வெட்டி நிலத்திலேயே மூடுவது, கான் வெட்டி மண் ஓடாமல் தடுப்பது, இவ்வளவையும் செய்த கைகள் இந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கின்றன. சரிந்த மலையை மீட்டெடுக்கும் தொழில்நுட்பம் அதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நமக்கு, சரிவில் எது நிற்கிறது, எது வழிகிறது என்பது படிப்பாளிகளின் பொழுதுபோக்கு அல்ல. பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். எந்த வருடம் வரை பீலியில் பங்குனியிலும் தண்ணீர் வந்தது? எந்த மலையில் கான் அடைபட்டது? மரை கடைசியாக எங்கே இறங்கியது? பதிலை வருடத்தோடு எழுதுங்கள். வருடம் நினைவில்லாவிட்டால், யாருடைய கலியாணத்துக்கு முன், எந்தத் துரை காலத்தில் என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வால்பாறையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஆனைமலையின் மேல் இருக்கும் தேயிலைப் பீடபூமி. அங்கே வேலை செய்கிறவர்களும் நம்மைப் போலக் கீழ்நாட்டிலிருந்து ஏற்றப்பட்டவர்களின் பிள்ளைகள், அதே லயம், அதே கொழுந்து. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, ஷங்கர் ராமன் இருவரும் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அங்கே தோட்டங்களுக்கு நடுவே சிதைந்து கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டுவருகிறார்கள். அந்தந்தக் காட்டு விதையைப் பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, களை பிடுங்கி, வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார்கள். தோட்டக் கம்பனிகளோடு பேசி அவர்கள் நிலத்திலேயே செய்கிறார்கள். அதே ஊரில் ஆனந்தகுமாரின் குழு யானை எங்கே நிற்கிறது என்று தொலைபேசிக்குத் தகவல் அனுப்பியது. தொலைபேசியால் ஏற்றக்கூடிய சிவப்பு விளக்குகளைப் பாதையோரத்தில் நட்டார்கள், ஊர்க்காரர்களே அவற்றை இயக்கினார்கள். இருட்டில் பஸ் இறங்கி நடப்பவர் விளக்கைப் பார்த்தால் நின்றுவிடுவார். மனிதர் உயிருக்கு உதவியதால்தான் அந்த மக்கள் யானைக் கணக்கில் சேர்ந்தார்கள். நான் தேனீயில் தொடங்கச் சொன்னதும் அதற்காகத்தான்.

நீரையும் சொல்லாமல் முடிக்க முடியாது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில்தான் கல் ஓயா, தமிழில் பட்டிப்பளை ஆறு, பிறக்கிறது. இங்கினியாகலையில் அதை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டினார்கள். அந்த நீரேந்து பகுதியைக் காக்கவே 1954இல் கல் ஓயா தேசிய பூங்காவை உண்டாக்கினார்கள். பிறகு ஆறு அம்பாறை வயல்களைக் கடந்து கல்முனைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. பூங்காவுக்குள் யானை நீந்துவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பூங்காவின் எல்லைக்கு மேலே, மலையில், ஓடைக்கரையில் யார் எதை வெட்டுகிறார்கள் என்று பார்க்க யாரும் வருவதில்லை.

கடைசியாகக் காசு. பெற்றோர் வந்திருப்பதால் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுகிறேன். அமெரிக்காவில் எலிசபெத் குஷ்மன் என்ற மாணவி 1955இல் தன் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் ஒரு யோசனை எழுதினார், தேசிய பூங்காக்களில் மாணவர்களை வேலைக்கு அமர்த்தலாம் என்று. 1957இல் இரண்டு பூங்காக்களில் அது தொடங்கியது. இன்று அந்த நாட்டில் அரச நிலங்களில் பயிற்சிக்குப் போகும் இளைஞர்கள் பறவை எண்ணுகிறார்கள், களை பிடுங்குகிறார்கள், மீட்டெடுப்புக்கு உள்நாட்டுப் புல்விதை சேகரிக்கிறார்கள். பல இடங்களில் அவர்களுக்குக் கொடுப்பனவு உண்டு. நம் பக்கத்தில் உள்ளகப் பயிற்சி என்றால் பெரும்பாலும் பிள்ளை தன் செலவில் தங்கி, தன் செலவில் சாப்பிட்டு, அறிக்கை எழுதித் தரவேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல், அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அந்த வீட்டுப் பிள்ளை மாதக் கணக்கில் சம்பளமில்லாமல் காட்டில் நிற்க முடியுமா? முடியாது. அதனால்தான் நம் மலையைப் பற்றிய ஆய்வில் நம் பிள்ளைகளின் பெயர் குறைவு. திறமைக் குறைவு அல்ல காரணம். பசறை வீதியிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. லுணுகலையிலிருந்து அங்கே பஸ் போகிறது. பல்கலைக்கழகமும் திணைக்களங்களும் கம்பனிகளும் பயிற்சி என்று கடிதம் எழுதும்போது, பஸ் காசும் சாப்பாடும் ஒரு நாட்கூலியும் யார் தருவது என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். பெற்றோர் அந்த வரி இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு காரியம். காட்டில் கமரா கட்டுவதற்கும் செடி, பூச்சி எதையும் எடுத்துவருவதற்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அல்லது வனத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அது கையில் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், தோட்டத்து நிலத்துக்குத் துரையின் அனுமதியும் வேண்டும். இரண்டாவது, அறிக்கையை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிக் கொடுக்க வேண்டிவரும், கொடுங்கள். அதோடு தமிழில் ஒரு பிரதி எழுதி, களக் கொப்பியின் நிழற்பிரதியையும் சேர்த்து, நீங்கள் படித்த பள்ளிக்கூடத்து நூலகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த வருடம் வரும் பிள்ளை அதே மரத்திலிருந்து, அதே இலக்கத்திலிருந்து தொடங்கட்டும்.